பெருவிரல்

கருங்கல் ரோட்டில் மூணாவது அண்டி ஆபீஸ் எங்களுடையது.
எங்களுடையது என்பது வாய்ப்பழக்கம்.
முதலாளி கொல்லத்தில் இருக்கிறார்.

விஜின் சூப்பர்வைசர் ஷார்ஜாவுக்குப் போன மாதம்
மேனேஜர் கூப்பிட்டார்.
'குளோரிபாய், இனி நீ பாத்துக்கோ.
தற்காலிகமாக்கும்.'
தற்காலிகத்துக்கு ஒரு நாற்காலியும் போட்டார்கள்.
கால் ஒன்று குட்டை.
கொட்டைத் தோடு கொடுத்து நிமிர்த்தினேன்.

தல்லியது பதினொரு வருடம்,
தோலி பொளித்தது நாலு,
தரம் பிரிக்கும் மேசையில் ஏழு.
கண்ணை மூடி உள்ளங்கையில் வைத்தால்
இது இருநூற்று நாற்பது, இது முந்நூற்று இருபது என்பேன்.
மழை நனைந்த சரக்கு எது, ஆப்பிரிக்கச் சரக்கு எது,
சாக்கு அவிழும்போதே மூக்கு சொல்லிவிடும்.

வீட்டில் இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:
'லோறி ராத்திரி பதினொண்ணுக்கு வருமே,
அப்போ யாரு எண்ணுவா?'
நான் எண்ணுவேன் என்றேன்.
'ஊர்க்காரன் உன்னை எண்ணுவான்.'
அதன் பிறகு இருவரும்
மீன் முள்ளை மட்டும் பார்த்துச் சாப்பிட்டோம்.

செல்லபாய் பேச்சை நிறுத்தினாள்.
பத்து வருடம் ஒரே சாம்பல் சட்டியில் என்னோடு கைவிட்டவள்.
'எனக்க பக்கத்துல இருந்து தல்லினவ
எனக்க கொட்டைக்கு எடை பாப்பாளாம்'
பம்படியில் சொன்னது காதில் விழுந்தது.
கோபம் வரவில்லை.
அவளைத் தற்காலிகமாகக்கூட
ஒருவரும் கேட்டதில்லை.

பிறகு அந்த மிஷின் வந்தது.
வசனக் காலண்டருக்குப் பக்கத்தில், சுவரில்.
சூப்பர்வைசர் விரல் வைத்தால்தான்
அன்றைய வருகை திறக்கும்.
பெருவிரலை வைத்தேன்.
'பிளீஸ் டிரை எகெய்ன்.'
சேலையில் துடைத்து வைத்தேன்.
எண்ணெய் தடவி வைத்தேன்.
இடது கை. சுட்டுவிரல்.
'பிளீஸ் டிரை எகெய்ன்.'
பெண்குரல்தான்.
அவளுக்கும் ஒற்றை வாக்கியம்தான்
சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

மாட்ட வந்த பையன் என் விரலை
வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'ரேகையே இல்லியே அக்கா, எங்க போச்சு?'
உள்ளே தல்லிக்கொண்டிருந்த சத்தம்.
அந்தப் பக்கம் கை காட்டினேன்.
நான் தல்லி ஏழு வருடம் ஆகிறது.
கொட்டை எண்ணெய் தின்றது
திரும்பி வரவில்லை.

மேனேஜர் கெட்டவர் இல்லை.
மகள் கல்யாணத்துக்கு முன்பணம் தந்தவர்.
'மிஷின் சம்மதிக்கல்லியே, நான் என்ன செய்ய.'
அடுத்த திங்கள் அஜின்ராஜ் வந்தான்.
பி.காம்., மார்த்தாண்டம்.
கழுவின வெண்டைக்காய் போல விரல்கள்.
ஒரே தொடலில் திறந்தது.

நல்ல பையன்.
நாற்காலியில் உட்காருமுன் என்னைப் பார்ப்பான்.
'அக்கா, இது எந்த கிரேடு?'
சொல்வேன். எழுதுவான்.
அவன் கவருக்கும் என் கவருக்கும் எட்டாயிரம் தூரம்.
அவன் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

குலசேகரத்தில் அவன் அக்கா கல்யாணம்.
அன்றைக்கென்று இடவப்பாதி மழை கொட்டியது.
ஏழரை மணி. மிஷின் திறக்கவில்லை.
கேட்டுக்கு வெளியே நூற்று முப்பத்தாறு குடைகள்.
பழைய நீளநோட்டை எடுத்தேன்.
ஒருத்தியிடமும் பெயர் கேட்காமல்
முகம் பார்த்து எழுதினேன், இனிஷியலோடு.
செல்லபாய் குடையைத் தாழ்த்திக்கொண்டாள்.
அவள் செருப்பு தெரியாதா எனக்கு.
வராத நாலு பேரையும் எழுதினேன்,
ஏன் வரவில்லை என்பதையும்.
பக்கத்தின் அடியில் ஒரு கோடு:
மேற்பார்வையாளர் கையொப்பம்.
போட்டேன்.

சாயங்காலம் மேனேஜர் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.
மறுநாள் காலையில் நோட்டை அஜினிடம் நீட்டி
'இதுக்க மேல ஒரு ஒப்பு போடு' என்றார்.
அவன் பேனாவைத் திறந்து வெகுநேரம் வைத்திருந்தான்.
பிறகு தாளின் மூலையில்,
கோட்டை விட்டு வெகுதள்ளி,
எறும்பு அளவுக்குப் போட்டான்.
'தப்பிப் போச்சு சார்.'

இன்றைக்கு லோறி பதினொரு மணிக்கு.
எண்ண நான் நிற்பேன் என்று ஆபீசில் சொல்லிவிட்டேன்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.